புருலாய் போட்ட தண்ணீர் அட்டவணை

கிழவர் ஓமோர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது சைகால் பீன்ஸ் வயலில் களை கொத்திக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சைகால் உள்ளங்கைகளை முகத்தில் ஒற்றி, போன ஆத்மாவுக்காக இரண்டு வார்த்தை முணுமுணுத்தாள். பிறகு விரலை மடக்கி எண்ணினாள். இன்று திங்கள். மூன்றாம் நாள் அடக்கம். புதன்கிழமை. களைக்கொட்டைப் போட்டுவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பயிர் முழுக்கப் பூவாக நின்றது. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, வாய்க்கால் கரையிலிருந்து மேட்டு மூலை வரைக்கும். தலாஸ் பள்ளத்தாக்கில் ஜூலை வெயில் கருணை பார்க்காது. கடைசியாகத் தண்ணீர் பாய்ந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இலைகள் மதியத்துக்குமேல் கவிழ்ந்துவிடுகின்றன. புதன்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் அவர்கள் வீட்டு முறை. இரண்டு மணி வரை தண்ணீர் அவர்களுடையது. அதற்குப் பிறகு வாய்க்கால் கீழ் ஊருக்குத் திரும்பிவிடும்.

அந்த ஊரில் அடக்கத்தன்று யாரும் மண்வெட்டியை வயலுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அன்று மண்வெட்டி குழிக்கு மட்டும்தான். யார் போட்ட சட்டமோ தெரியாது, மீறினவர்களும் இல்லை.

முந்தி இதில் சிக்கல் இருந்ததில்லை. சாவு விழுந்தால் முராப், அதாவது தண்ணீர் பங்கிடுகிறவர், எல்லார் முறையையும் ஒரு நாள் தள்ளிவிடுவார். இப்போது தள்ள முடியாது. பள்ளிக்கூடச் சுவரில் கண்ணாடிக்குள் ஓர் அட்டவணை தொங்குகிறது. பதினாலு வீடு, பதினாலு நாள். கீழே நாலு விதிகள். நாலாவது விதி: எந்தக் காரணத்துக்காகவும் முறையை மாற்றக் கூடாது. அதற்கும் கீழே கையெழுத்து, சைகாலின் நாத்தனார் புருலாயுடையது.

அந்த நாத்தனார் அன்று மதிய பஸ்ஸில் தலைநகரிலிருந்து வந்து இறங்கினாள்.

புருலாய்க்கு ஐம்பத்தேழு வயது. அரசியல் அறிவியல் பேராசிரியர். அதிலும் பொது நிர்வாகம். அரசு இயந்திரம் எப்படி ஓடுகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்று சொல்லிக்கொடுக்கிற வேலை. இந்தத் தெருவிலிருந்து படிக்கப்போன முதல் பெண் அவள்தான். போனபோது சோவியத் காலம். அஞ்சு வருஷம் படித்து முடித்துப் பாடம் நடத்த ஆரம்பித்த கொஞ்ச நாளில் நாடே இல்லாமல் போனது. அவள் படித்த பாடமும் அதோடு போனது. நூலகத்தில் அந்த அலமாரியைக் காலி செய்து அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் சந்தையில் காலுறை விற்றாள். காலுறை மூட்டைமேல் உட்கார்ந்துதான் ஆங்கிலம் படித்தாள். பிறகு புதுப் படிப்பு, புதுப் பட்டம், அதிகாரிகளுக்கு வகுப்பு. இன்று பாதி மாவட்டங்களில் நாற்காலியில் இருப்பவர்கள் அவளிடம் திட்டு வாங்கினவர்கள்.

ஆனால் பேர் வாங்கிக்கொடுத்தது அந்த அட்டவணைதான். பழைய முராப் காரணம் சொல்லிச் சொல்லியே தண்ணீரைத் திருப்புகிறவர். இவன் வீட்டில் விருந்தாளி, அவன் வீட்டில் கல்யாணம், இன்னொருத்தன் ஒரு பாட்டில் வோட்கா. தெருக்கோடியில் விதவை பூபுஷின் வயல் மூன்று வருஷம் தொடர்ந்து காய்ந்தது. புருலாய் வந்து வீடு வீடாக உட்கார்ந்து பேசி, சீட்டுக் குலுக்கி, அட்டவணை போட்டாள். அந்த வருஷம்தான் பூபுஷ் வீட்டுக்கு வாசல் கதவு போட்டாள். பதினோரு ஊர் அதைப் பார்த்துப் போட்டுக்கொண்டது. புருலாய் அதையே ஆராய்ச்சியாக எழுதினாள், பேராசிரியர் ஆனாள். அவள் புத்தகத்தின் புதுப் பதிப்பில் மாணவர்கள் மனப்பாடம் செய்கிற ஒரு வரி உண்டு: ஒன்பது ஆண்டுகளில் ஒரு புகார்கூட வரவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை அமைச்சகத்துக் குழு அட்டவணையைப் பார்க்க வருகிறது. பிடித்துப்போனால் நாடு முழுக்க அதுதான் விதி. புதிதாகத் தொடங்கும் நிர்வாகப் பயிற்சிக் கழகத்துக்கு புருலாய்தான் இயக்குநர். ஓய்வுக்கு முன் கிடைக்கக்கூடிய கடைசிப் பெரிய நாற்காலி.

தம்பி மெலிஸ் வாசலில் ஊன்றுகோலோடு நின்று வரவேற்றான். நாலு வருஷத்துக்கு முன் எல்லைக்கு அந்தப் பக்கம் அல்மாத்தி நகரத்தில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன். இடுப்பெலும்பு சரியாகச் சேரவேயில்லை. வயல் முழுக்க சைகால் கையில்தான்.

"ஓமோர் தாத்தா போயிட்டாராமே," என்றாள் புருலாய்.

"ஆமாக்கா. புதன்கிழமை எடுக்கிறாங்க," என்றான் மெலிஸ்.

செவ்வாய்க்கிழமை தெருவே இழவு வீட்டில் இருந்தது. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பி, உள்ளே திரைக்குப் பின்னால் கிழவரைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுவர் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே ஆண்கள் குனிந்து, ஊன்றுகோல் பிடித்து, வருகிறவர்களுக்கு ஈடாக அழுதார்கள். கொல்லையில் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. பத்துப் பெண்கள் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தார்கள்; மாவைத் தேய்த்துச் சதுரமாக வெட்டி எண்ணெயில் போட்டால் தலையணைபோல உப்பி வரும்.

"பேராசிரியர் வெட்டுறதைப் பாருங்கடி," என்றாள் ஒருத்தி. "ஒவ்வொண்ணும் அளவெடுத்த மாதிரி இருக்கு."

"அவ அப்படித்தான். நாளைக்கு போர்சோக்குக்கும் அட்டவணை போட்டுருவா."

"போட்டா நல்லதுதான். உன் மாமியா ரெண்டு தட்டு எடுக்கிறது நின்னுபோகும்."

சாவு வீட்டுச் சிரிப்பு, வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சைகால் சிரிக்கவில்லை. கரண்டியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு புருலாயைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனாள்.

"அக்கா, உங்களை நான் ஒண்ணும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணும்."

"கேளேன்."

"நாளைக்கு நம்ம முறை. தண்ணி கட்ட முடியாது. காசிபெக் கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எல்லாரையும் ஒரு நாள் தள்ளட்டும். இன்னும் பதினாலு நாள் தாங்காது. பூவெல்லாம் கொட்டிரும்."

புருலாய் அவளையே பார்த்தாள். "நாளைக்கு ஏன் கட்ட முடியாது?" என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இந்தத் தெருவில் பிறந்தவள் அவள். எப்படி மறந்தாள்? நாலு விதியும் எழுதினபோது முந்நூறு காரணங்களை யோசித்து ஒவ்வொன்றாக அடித்தாள். சாவு ஒரு காரணம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அது காரணம் என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

"சரி, பேசறேன்," என்றாள்.

காசிபெக் இப்போதைய முராப். கொல்லைச் சுவரோரம் விறகு பிளந்துகொண்டிருந்தான். கேட்டுவிட்டுக் கோடாலியைக் கட்டையில் ஊன்றினான்.

"எனக்கென்ன அக்கா, மடையைத் திறன்னா திறக்கிறேன், மூடுன்னா மூடறேன். ஆனா நாலாவது விதி உங்களுது. நான் தள்ளினா வோட்கா வாங்கினான்னு சொல்லுவாங்க. நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. உங்க வாயால."

"நாளை மறுநாள் யார் முறை?"

"பூபுஷ் அம்மா."

பூபுஷ் பக்கத்திலேயே இருந்தாள். முழங்கை வரை மாவு. எல்லாம் கேட்டிருப்பாள். பிசைவதை நிறுத்தாமலே பேசினாள்.

"தள்ளினா நான் தடுக்க மாட்டேன் புருலாய். நீ இல்லேன்னா எனக்கு வயலே இல்லை. ஆனா கேட்டியேன்னு சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி, தீவனப் புல் அறுக்கிற சமயம், கொல்லர் வீட்டம்மா செத்தா. அடக்கத்தன்னிக்கு என் முறை. போச்சு. வாய்க்கால் கரையில உக்காந்து தண்ணி போறதைப் பாத்துட்டு வந்தேன். யாரும் தள்ளல. நானும் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"விதின்னா விதிதானே." மாவைப் புரட்டிப் போட்டு அறைந்தாள். "இப்ப உன் தம்பி வீட்டுக்குத் தள்ளினா தப்பில்லைதான். பழைய முராப்பும் முதல்ல தன் மச்சான் வீட்டுக்குத்தான் தள்ளினான். அவனும் நல்லவனாத்தான் இருந்தான்."

எண்ணெய்ச் சட்டிப் பக்கமிருந்து சைகால் பார்ப்பது புருலாயின் முதுகில் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் தம்பி வயல் பிழைக்கும். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்குத் தெரியக்கூடப் போவதில்லை. ஆனால் முதல் தடவையாக விதி உடைகிறபோது உடைத்தவள் பெயரும், பயனடைந்த வீட்டின் பெயரும் ஒன்றாக இருக்கும்.

"காசிபெக், தள்ள வேண்டாம்," என்றாள்.

திரும்பி சைகாலிடம் போனாள். சைகால் அதற்குள் முகத்தைச் சட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் ஆண்கள் மண்வெட்டிகளோடு இடுகாட்டு மேட்டுக்குப் போனார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கரை நிரம்ப, கலங்கலாக, மலையின் குளிர்ச்சியோடு வந்தது. மெலிஸ் வீட்டு மடை மூடிக் கிடந்தது. தண்ணீர் அதில் ஒருமுறை மோதி, விலகி, நேராகக் கீழே ஆற்றுக்கு ஓடியது. இரண்டு பெண்களும் துக்கத்துக்குக் கட்டிய தலைத்துணியோடு அதைத் தாண்டி இழவு வீட்டுக்கு நடந்தார்கள். திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. சைகால் நின்று பார்த்தாள். குனிந்து கையை விட்டு முகம் கழுவிக்கொண்டாள். அவ்வளவுதான். இரண்டு மணிக்கு வாய்க்கால் இறங்கிவிட்டது.

வியாழக்கிழமை மேட்டு மூலையில் பூ உதிர ஆரம்பித்தது.

சைகால் தேநீர் வைத்தாள், நான் ரொட்டி வைத்தாள், பாலாடை வைத்தாள். எல்லாம் முறையாக, விருந்தாளிக்கு வைப்பதுபோல. அதுதான் புருலாய்க்குச் சுட்டது.

"சைகால், வருஷா வருஷம் நான் அனுப்பற படிவம்," என்றாள். "தண்ணி முறையில புகார் உண்டான்னு வீட்டுக்கு வீடு கேட்டு எழுதற படிவம். நீதானே எழுதி அனுப்புவ?"

"நான்தான்."

"பூபுஷ் முறை தவறிப்போன அந்த வருஷமும் 'இல்லை'ன்னுதான் எழுதியிருக்க."

சைகால் கெட்டிலைக் கீழே வைத்தாள். "உங்க படிவத்துல என்ன கேட்டிருக்கு? புகார் உண்டா. யார்மேல. அந்தக் கட்டத்துல யார் பேரை எழுதறது? கொல்லர் வீட்டம்மா பேரையா? செத்தவங்க மேல புகார் எழுதுவாங்களா யாராவது? பூபுஷ் அம்மா கிட்ட கேட்டேன். 'அவ குழியில இறங்கின நேரத்துல என் வயல் காஞ்சுதுன்னு எழுதச் சொல்றியா, வாய் கூசலையா உனக்கு'ன்னாங்க. 'இல்லை'ன்னு எழுதினேன்."

"வேற யாருக்கெல்லாம் இப்படிப் போச்சு?"

"எதுக்குக் கேக்கறீங்க? நாளைக்கு வர்றவங்க கிட்ட சொல்லவா போறீங்க?"

"எனக்குத் தெரியணும்."

சைகால் விரலை மடக்கினாள். சுவருக்குக் காரை பூசுகிறவன் வீடு, இரண்டு தடவை. காசிபெக்கின் மாமனார் வீடு. பூபுஷ். பள்ளிக்கூட வாத்தியார். அடுமனைக்காரி. ஏழாவது விரலில் நின்றாள். உள்ளறையில் மெலிஸின் ஊன்றுகோல் தரையில் தட்டியது.

"சொல்லாத," என்றான் மெலிஸ் உள்ளிருந்தபடியே.

"ஏன் சொல்லக் கூடாது? நீங்க சொல்ல மாட்டீங்க, எனக்குத் தெரியும்." சைகால் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு தடவை. முதல் தடவை கொஞ்சம் தப்பிச்சோம். ரெண்டாவது தடவை, நாலு வருஷம் முன்னாடி, இதே பூவில. ஒரு மூட்டை தேறல. அதனாலதான் இவர் அல்மாத்திக்குப் போனார். உங்க கிட்ட என்ன சொன்னார்? ஊர்ல உக்காந்து உக்காந்து சலிச்சுப்போச்சுன்னு சொல்லியிருப்பார்."

புருலாய்க்கு ஞாபகம் இருந்தது. தொலைபேசியில் அதே வார்த்தைகள். அவள் சிரித்து, 'ஊர் சுத்தற வயசாடா இது' என்று கேட்டிருந்தாள். அந்த வருஷம்தான் புத்தகத்தின் முதல் பதிப்பு வெளிவந்தது.

எழுந்து தம்பியின் அறை வாசலுக்குப் போனாள். அவன் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"தெருவே உன் பேரைச் சொல்லிட்டுத் திரியுது. என்னக்கா சொல்லச் சொல்ற? நீ போட்டதுல ஒரு ஓட்டை, அதுல நான்தான் விழுந்தேன்னா?" ஜன்னல் பக்கமே பார்த்தபடி, "சாரக்கயிறு அறுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ," என்றான்.

புருலாய் நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒன்பது வருஷத்துக்கு முன் போனதுபோலவே பதினாலு வீட்டுக்கும் போனாள். இந்தத் தடவை யார்மேல என்று கேட்கவில்லை. அடக்கத்தன்று யார் வீட்டு முறை போச்சு என்று மட்டும் கேட்டாள். எல்லாரும் சொன்னார்கள். தேதி சொன்னார்கள், அப்போது பயிர் என்ன பருவத்தில் நின்றது என்று சொன்னார்கள். புதன்கிழமையோடு சேர்த்து ஒன்பது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. மூன்று பேர். தலைவர், கோட்டுக்குள் வியர்த்த பெரிய மனிதர். இன்னொருவர் படம் எடுப்பவர். மூன்றாவது ஆதிலெட், புருலாயின் பழைய மாணவன், இப்போது அமைச்சகத்தில் செயலர். அறிக்கையை வரும் வழியிலேயே முக்கால்வாசி எழுதிவிட்டிருந்தான்.

பள்ளிச் சுவர்முன் தெரு கூடியிருந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து அட்டவணையைப் படித்தார். "அருமை. எளிமை. ஒரு புகாரும் இல்லை, அப்படித்தானே?"

"ஒன்பது," என்றாள் புருலாய்.

ஆதிலெட் சிரித்தான். "டீச்சர் ஒன்பது வருஷம்னு சொல்றாங்க."

"ஒன்பது முறை. ஆறு வயல்." நோட்டைத் திறந்து பேர், தேதியோடு வாசித்தாள். கடைசியில் இரண்டு தடவை 'மெலிஸ், என் தம்பி' என்று வாசித்து, நேற்று முன்தினத்தோடு மூன்று என்றாள். குரல் வகுப்பில் வாசிக்கிற குரலாகவே இருந்தது.

தலைவருக்குப் பிடிக்கவில்லை. "அப்படின்னா இந்தப் படிவங்கள் பொய்யா? இதை நிரப்பினது யாரு?"

சைகால் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றாள். அவள் முகம் கழுத்து வரை சிவந்தது.

"நிரப்பினவங்க கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் பதில் எழுதினாங்க," என்றாள் புருலாய். "கேட்டதுதான் தப்பு. கேட்டது நான்."

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க? ஓட்டை இருக்கிற விதியை நாடு முழுக்கப் போட முடியுமா?"

"முடியாது. திருத்தணும். திருத்தி ஒரு வருஷம் பாக்கணும்."

"எங்களுக்கு ஒரு வருஷம் இல்லை அம்மா. கழகம் செப்டம்பர்ல திறக்குது."

அதோடு முடிந்தது. மெலிஸ் வீட்டில் விருந்து காத்திருந்தது. தலைவர் வாசலிலேயே நின்று, வழக்கத்தை விடாமல், ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, வேறொரு கூட்டம் இருக்கிறது என்றார். ஆதிலெட் மட்டும் கார்க்கதவைப் பிடித்தபடி தயங்கினான்.

"ஏன் டீச்சர் இப்படி? அந்தக் கட்டத்தை யாருமே படிக்க மாட்டாங்க."

"நான் படிச்சேனே. ஒன்பது வருஷமா படிச்சு சந்தோஷப்பட்டேன்."

"அந்த நாற்காலி போச்சு."

"தெரியும். நீ எழுது. ஒன்பதுன்னு எழுது, ஆதிலெட். பூஜ்யம்னு மறுபடி அச்சாகி நான் பாக்கக் கூடாது."

அவன் தலையாட்டிவிட்டு ஏறினான். கார் எழுப்பிய புழுதி அடங்க நேரமாயிற்று.

புருலாய் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது யாரும் கலைந்திருக்கவில்லை. காசிபெக் கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திண்டில் வைத்தான். "பேனா இருக்கா அக்கா?"

பேச்சு அரை மணி நேரம் ஓடியது. சாவுக்கு மட்டுமா, கல்யாணத்துக்குமா என்று ஒருவன் கேட்டதற்கு, "கல்யாணத்தை நீ தேதி பாத்து வைக்கலாம்ல, சாவுக்கு எங்கடா தேதி பாக்கறது," என்று அடுமனைக்காரி மடக்கினாள். ஊருக்குள் அடக்கம் நடந்தால் எல்லார் முறையும் ஒரு நாள் தள்ளும். வேறு எதற்கும் தள்ளாது. புருலாய் ஐந்தாவது விதியாக அதை எழுதினாள்.

"இது எப்பலருந்து?" என்று கேட்டாள் பூபுஷ்.

எல்லாரும் சைகாலைப் பார்த்தார்கள். புதன்கிழமையிலிருந்து என்று எழுதினால் போதும். நாளைக்கே அவள் மடை திறக்கலாம். பின்னால் நின்ற ஒருவரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். புருலாயின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அவள் நிமிரவில்லை.

"நாளையிலிருந்துன்னு போடுங்க," என்றாள் சைகால்.

"சைகால்," என்றாள் பூபுஷ்.

"நேத்து நீங்க தண்ணி கட்டியாச்சு. இன்னிக்கு வாத்தியார் வீட்ல கட்டியாச்சு. அதையெல்லாம் திரும்ப வாரிக்கிட்டு வரவா? எங்களுக்கு முன்னாடி மத்தவங்களுக்கு ஆறு தடவை போனது போனதுதான். நாளையிலிருந்து போடுங்க அக்கா."

புருலாய் எழுதினாள். பதினாலு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். காசிபெக் சட்டத்தைத் திரும்ப மாட்டினான்.

வீட்டுக்கு நடக்கும்போது புருலாய் வயல் பக்கம் நின்றாள். மேட்டு மூலையில் உதிர்ந்த பூ தரையில் சருகாகக் கிடந்தது. வாய்க்கால் ஓரத்தில் நாலு வரிசை மட்டும் ஈரக்கசிவில் நிமிர்ந்து நின்றது.

"என்மேல கோபம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு," என்றாள் சைகால். "அறுவடை வரைக்கும் இருக்கும்." சில அடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "பஸ் எத்தனை மணிக்கு?"

"போகல. லீவு இருக்கு."

"அப்ப வாங்க. மூணு அதிகாரிங்களுக்கு வச்ச கறி அப்படியே இருக்கு. நீங்க ஒரு ஆள்தான் சாப்பிட்டுத் தீர்க்கணும்."